காரைப் பூட்டிய பிறகும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?

ராத்திரி காரைப் பூட்டிவிட்டு வந்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருக்கிறது, பேட்டரி இறங்கிவிடுமோ, வயரைப் பிடுங்கிவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பிடுங்க வேண்டாம். வண்டி பூட்டியிருக்கும்போது ரெண்டு மூணு நொடிக்கு ஒருமுறை நிதானமாக மின்னும் விளக்கு, திருட்டுத் தடுப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பவனுக்கு அது தெரியவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

பேட்டரி பயத்துக்குக் கணக்கைப் பாருங்கள். அந்தக் குட்டி எல்.இ.டி. விடாமல் எரிந்தால்கூட 5 மில்லி ஆம்பியர் அளவுதான் இழுக்கும். அப்படியே வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்பதை அளக்கும் கணக்கு). சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. மின்னி மின்னி எரிவதால் உண்மையில் இதைவிடவும் குறைவு. நிறுத்திவைத்த வண்டியில் கடிகாரம், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். அது நாளுக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். பதினைந்து நாளில் பாதி பேட்டரி போய்விடும். ஊருக்குப் போகும்போது வண்டியை ஒரு மாதம் ஷெட்டில் போட்டுவிட்டு, வந்து பார்த்தால் செல்ஃப் அடிக்காமல் இருப்பது இதனால்தான். பழி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு விளக்கின்மேல் விழுகிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது சாவியை ஆன் செய்த பிறகும் மின்னினால்தான். பல வண்டிகளில் மீட்டரில் காருக்குள் ஒரு சாவி இருப்பதுபோல் படம் போட்டிருக்கும், சிலவற்றில் வெறும் சாவிப் படம். ஆன் செய்ததும் அது ரெண்டு நொடி எரிந்து அணைந்தால் எல்லாம் சரி. அணையாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் தெரியாமல் நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு விஷயம், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீடு வேலூர் பாகாயத்தில். தங்கச்சிக்குச் சென்னையில் தேர்வு, காட்பாடியில் ரயிலைப் பிடிக்க விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தேன். செல்ஃப் நன்றாக அடித்தது, எஞ்சின் பிடித்தது, ரெண்டு நொடியில் நின்றது. மறுபடியும் அதே. ஏழெட்டு முறை அடித்துவிட்டேன். முந்தின நாள்தான் பெட்ரோல் போட்டிருந்தேன். தங்கச்சி ஹால் டிக்கெட் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் அந்தச் சாவிப் படம் படபடவென்று மின்னியது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போய்விட்டார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமா டார்ச்சோடு வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டரைப் பார்த்தார், சாவிக் கொத்தைப் பார்த்தார். "இன்னா தம்பி, ரெண்டு கார் சாவியையும் ஒரே வளையத்துல மாட்டிகினுகீற? அத்த பிரிச்சி அந்தாண்ட வெச்சிட்டு அடி" என்றார். பெங்களூரு போன அண்ணன் தன் கார் சாவியை முந்தின ராத்திரிதான் என் வளையத்தில் கோத்துவிட்டுப் போயிருந்தார். நகம் வலிக்கப் பிரித்து அதை வீட்டுக்குள் கொடுத்துவிட்டு வந்து அடித்தேன். படம் ரெண்டு நொடி எரிந்து அணைந்தது, எஞ்சின் நிற்காமல் ஓடியது. ரயிலைப் பிடித்துவிட்டோம்.

ஏன் அப்படி ஆயிற்று? சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. சாவி நுழைகிற இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். ஆன் செய்ததும் அந்தச் சுருள் ரேடியோ அலை அனுப்பும், அந்த அலையிலேயே சிப்புக்கு மின்சாரம் கிடைத்து தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கரண்டையும் தொடர்ந்து விடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர், மாருதிக்காரர்கள் ஐகேட்ஸ் என்பார்கள். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்தே புதுக் கார்களில் இது கட்டாயம். எங்கள் வளையத்தில் ரெண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, வண்டிக்கு எதுவும் புரியவில்லை.

சிப்புக்கு பேட்டரி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சாவிக்குள் இருக்கும் வட்ட செல் கதவு திறக்கிற ரிமோட்டுக்கு மட்டும். செல் செத்தாலும் சாவியால் கதவைத் திறந்து வண்டியை எடுக்கலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் செல் பலவீனமானால், பெரும்பாலான மாடல்களில் ரிமோட்டை அந்த பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் எடுக்கும். செல்போனையும் சாவியையும் ஒன்றாக வைத்திருந்தால் முதலில் பிரித்து வையுங்கள்.

கடையில் அறுத்துக் கொடுக்கும் சாதா டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், பல வண்டிகளில் செல்ஃபும் அடிக்கும், வண்டி மட்டும் ஓடாது. சிப்பைப் பதிவு செய்யவேண்டும். ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ரெண்டு சாவியையும், சாவி எண் எழுதிய தகடோ அட்டையோ இருந்தால் அதையும் கேட்டு வாங்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் என்றால் விளக்கின் மொழி கொஞ்சம் மாறும். மின்னாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் வேலட் மோடில் கிடக்கிறது, அதாவது அலாரம் தூங்குகிறது. வாட்டர் வாஷுக்கு விட்டு எடுத்த பிறகு இதை ஒருமுறை பாருங்கள், சுத்தம் செய்யும்போது அலறாமல் இருக்க அப்படி வைத்துவிட்டு மாற்ற மறந்துவிடுவார்கள். கதவைத் திறந்ததும் விளக்கு வழக்கத்தைவிட வேகமாக மின்னினால், பெரும்பாலும் நீங்கள் இல்லாதபோது அலாரம் அடித்திருக்கிறது. பூட்டும்போது எப்போதும் மின்னும் இண்டிகேட்டர் மின்னவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தவில்லை.

காரணமில்லாமல் நடுராத்திரி அலறினால் பானெட் சுவிட்சைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மழையில் துரு ஏறி, பானெட் திறந்திருப்பதாக அலாரத்துக்குச் சொல்லிவிடும். சத்துவாச்சாரி பக்கம் ஹைவே ஓரம் வீடு என்றால் லாரி அதிர்வுக்கே ஷாக் சென்சார் கத்தும், அதன் சென்சிட்டிவிட்டியைக் குறைக்கப் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதுவும் இல்லை என்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். வோல்ட் குறைந்தாலும் சில அலாரங்கள் வயரை யாரோ அறுக்கிறார்கள் என்று எண்ணிக் கத்தும்.

உங்கள் வண்டி எந்த மாடல், சாவி ஆனில் இருக்கும்போதும் அந்த விளக்கு மின்னுகிறதா என்று எழுதுங்கள். ஆனில் மின்னவில்லை என்றால் இன்று ராத்திரி பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.