எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது: ஏசி டூல்ஸ் வாங்குறவங்க கேள்விகள்

கத்திரி வெயில் ஆரம்பிச்சதுல இருந்து வர்ற கேள்வில முக்கால்வாசி ஏசி வேலை பாக்குறவங்க கிட்ட இருந்துதான். கடலூர், புதுச்சேரி ரெண்டு பக்கமும். சுருக்கிப் போட்டிருக்கேன்.

கே: பழைய ஆர்22 கேஜ் செட் (கேஸ் பிரஷர் பாக்குற மீட்டரும் ஓஸும்) நல்லாதான் இருக்கு. அடாப்டர் மட்டும் வாங்கி ஆர்32 ஏசிக்கு ஓட்டலாமா? (லாஸ்பேட்டை)

வேணாம். ஆர்22, ஆர்32 ரெண்டும் ஏசிக்குள்ள ஓடுற வேற வேற கேஸ். ஆர்22ல பிரஷர் கம்மியான பக்கம், அதாவது சக்‌ஷன் 65, 70 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டுற இடத்துல ஆர்32 120 பக்கம் ஓடும். ஹை சைடு (பிரஷர் கூடுன பக்கம்) இந்த வெயில்ல 400-ஐத் தாண்டும். உங்க கேஜ் 500லயே முடியுது, ஓஸும் அந்த பிரஷருக்கு செஞ்சது கிடையாது, அதோட ஆர்32 தீப்பிடிக்கிற கேஸ். புது செட் எடுங்க, ஓஸ் மேல 800 பிஎஸ்ஐ வொர்க்கிங் பிரஷர்னு அச்சு இருக்கான்னு பாத்து எடுங்க.

கே: ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். கார் ஏசி ப்ளோயர் வயர்ல மாட்டினா சீரோ காட்டுது. ரெண்டு மாசம் கழிச்சுதான் பெட்டிய பிரிச்சேன், ரிட்டர்ன் எடுக்க மாட்டேங்குறாங்க. ஏமாத்திட்டாங்க. (நெய்வேலி)

ஏமாத்தல. நீங்க அனுப்பின போட்டோலயே ஆல்டர்நேட்டிங் கரன்ட் மட்டும்னு போட்டிருக்கு. கார்ல ஓடுறது டிசி, அதை கிளாம்ப் வச்சு அளக்க வேற சென்சார் வேணும், விலையும் கூட. வாங்குறதுக்கு முன்னாடி நாலு வரி படிக்கல, வந்ததும் பிரிச்சுப் பாக்கல, அப்புறம் யார் மேல கம்ப்ளைன்ட் குடுக்குறது? அந்த மீட்டர த்ரீ ஃபேஸ் போர்டுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்க, அந்த விலைக்கு "கேட் த்ரீ"னு (அந்த மாதிரி போர்டுக்குத் தாங்கும்ங்கிற பாதுகாப்பு ரேட்டிங்) அச்சடிச்சிருந்தா நான் நம்ப மாட்டேன்.

கே: பையன் ஐடிஐ முடிச்சிட்டு சொந்தமா ஏசி சர்வீஸ் பண்றான். நகைய வச்சு பாண்டில வேக்கும் பம்ப் (கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி ஏசி பைப்புல இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குறது) வாங்கிக் குடுத்தேன். நாலாவது மாசமே ஜாம். கடைல குடுத்தது எஸ்டிமேட் சீட்டு. "பில் இல்ல, வாரன்டி இல்ல, தொழிலுக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கோர்ட்டும் போக முடியாது"ங்குறாங்க. (திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க சொன்ன கடைசி விஷயம் பொய். யாவாரத்துக்கு வாங்கினா கன்ஸ்யூமர் இல்லன்னு சட்டத்துல இருக்கு, நிஜம்தான், ஆனா சொந்த உழைப்புல பொழப்பு நடத்துறதுக்காக மட்டும் வாங்கி தானே உபயோகிக்கிறவன் கன்ஸ்யூமர்தான்னு அதே 2019 சட்டம் அடுத்த வரியிலயே சொல்லுது. உங்க பையனுக்கு அது அப்படியே பொருந்தும்.

இந்த எஸ்டிமேட் சீட்டு விஷயத்துல எனக்கு வயிறு எரியுது. நாலு வருஷம் முன்னாடி எங்க அண்ணன் வொர்க்‌ஷாப்புக்கு நான்தான் லீக் டிடெக்டர் வாங்கிட்டுப் போனேன், "பில் போட்டா 18 பர்சன்ட் கூட வரும் சார்"னாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன். மூணே வாரம். அப்புறம் கேஸ் இருந்தாலும் கத்துது இல்லன்னாலும் கத்துது. திருப்பி எடுத்துட்டுப் போனா கவுன்ட்டர்ல இருந்த ஆளு அந்தச் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது எங்க கடைதுன்னு எங்க எழுதியிருக்கு"ன்னு கேட்டாரு. கடை பேரு இல்ல, நம்பர் இல்ல, நீல பேனாவுல "லீ.டி. 1"னு எழுதி ஒரு தொகை, அவ்வளவுதான். அந்தக் காசு போனது போனதுதான்.

பில் போட்டா வரி கூடும்னு சொல்றதே தப்பு, எம்ஆர்பி போட்ட பொருள்ல வரி உள்ளயே சேந்திருக்கு. ஜிஎஸ்டில இருக்குற கடை 200 ரூபாய்க்கு மேல வித்தா நாம கேக்காட்டியும் பில் குடுத்தே ஆகணும். பில் குடுக்காம இருக்குறதையே முறையற்ற வாணிபம்னு கன்ஸ்யூமர் சட்டம் சொல்லுது. பாண்டில வரி கம்மி, அதனால விலை கம்மின்னு கடலூர்ல இருந்து பஸ் ஏறிப் போறவங்க இன்னும் இருக்காங்க, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து இந்த மாதிரி பொருளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே வரிதான்.

இப்ப செய்ய வேண்டியது. ஜிபேல குடுத்தீங்கன்னா அந்த ஸ்க்ரீன்ஷாட், கடைக்காரர் வாட்ஸ்அப், பம்ப் மேல இருக்குற சீரியல் நம்பர் போட்டோ, எல்லாத்தையும் எடுத்து வைங்க. 1915க்கு (தேசிய கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்) போன் போட்டு புகார் பதிங்க. மசியலன்னா கடலூர் மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்லயே கேஸ் போடலாம், கடை பாண்டில இருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊர்ல போட இப்ப சட்டம் இருக்கு. பொருள் விலை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுவரைக்கும் பம்ப எவன் கிட்டயும் பிரிக்கக் குடுக்காதீங்க, பிரிச்சா "நீங்கதான் கெடுத்தீங்க"ம்பாங்க.

கே: வருஷா வருஷம் கேஸ் தீந்துடுச்சுன்னு 3,000 வாங்குறாங்க. கேஜ் மட்டும் மாட்டி ஏத்துறாங்க. சரியா? (மஞ்சக்குப்பம்)

கேஸ் பெட்ரோல் மாதிரி தீராது. குறைஞ்சா லீக்குதான். நம்ம ஊரு உப்புக் காத்துல காயில் அரிக்கும், அங்க முதல்ல பாக்கச் சொல்லுங்க. எடை மிஷின் இல்லாம வர்றவர உள்ள விடாதீங்க, எத்தனை கிராம் போடணும்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கு.

கே: புதுச்சேரி சண்டே மார்க்கெட்ல செகண்ட் ஹேண்ட் வேக்கும் பம்ப் பாத்தேன். ஃபெஞ்சல் புயல் தண்ணில கெடந்ததோன்னு சந்தேகம். (அரியாங்குப்பம்)

ஆயில் கண்ணாடியப் பாருங்க. பால் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி. ஆயில் தெளிவா இருந்தாலும் மைக்ரான் கேஜ (வேக்கும் அளக்குற மீட்டர், நம்பர் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது) பம்ப்ல நேரா மாட்டி ஓட்டச் சொல்லுங்க, நல்ல டூ ஸ்டேஜ் பம்ப் 100க்குக் கீழ எறங்கணும். முள்ளு கேஜ்ல மைனஸ் 30 காட்டுறத நம்பி எடுக்காதீங்க, 5,000 மைக்ரானுக்கும் 500க்கும் அந்த முள்ளு அசையவே அசையாது. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா வந்துடுங்க.

கே: நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் விலை ஜாஸ்தி. வெல்டிங் ஆக்சிஜன வச்சே லீக் டெஸ்ட் பண்ணலாமா? (பண்ருட்டி)

உசுரு போயிடும் தம்பி. கம்ப்ரசர் ஆயிலும் பிரஷர்ல ஆக்சிஜனும் சேந்தா வெடிக்கும். பக்கத்துல வேலை பாக்குற யார்கிட்டயாவது நைட்ரஜன் செட் ஒருநாள் வாடகைக்குக் கேளுங்க. கிடைக்கலன்னா அந்த வேலைய நாளைக்குத் தள்ளுங்க.