சொத்துவரிக் கேட்பு ஏறவில்லை, முதலில் எதைச் சரிசெய்வது?

வீதத்தைத் தொடாதீர்கள். புதிதாகப் பொறுப்பேற்ற நகராட்சியில் கேட்பு, அதாவது ஆண்டுக்கு வசூலிக்க வேண்டிய மொத்த வரி, ஏறவில்லை, முதல் இலக்கு எது என்று கேட்டீர்கள்; பதிவேட்டிலுள்ள பரப்பளவைத் திருத்துவதுதான்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் வீதம் 2022-லேயே ஏறிவிட்டது: 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100. ஆனால் அந்த உயர்வு பழைய அளவின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மாடி எழும்பிய வீடு ஏட்டில் இன்னும் தரைத்தளமாகவே கிடக்கும்.

ஒரே ஒரு தெருவை எடுத்து, வரிவிதிப்பு எண்களை (ஒவ்வொரு சொத்துக்கும் வரிக்காகத் தரப்படும் எண்) மின் இணைப்புகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு மீட்டர், ஒரே வரிவிதிப்பு என்றால் டேப்போடு போய் அளந்து பாருங்கள். கடை மீட்டர் ஓடும் இடம் குடியிருப்பு என்று பதிவாகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடாகவும் இருக்கலாம். நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்ட பிறகே வரியை மாற்றுங்கள். இல்லையென்றால் மேல்முறையீட்டில் நிற்காது. கவுன்சிலர்தான் உங்கள் மேஜை முன்னால் வந்து நிற்பார்.