கட்டுமரமும் கேட்டமரானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறேன். பழைய ஆங்கில அகராதி ஒன்றில் அதற்குச் ‘சண்டைக்காரி’ என்றும் பொருள் போட்டிருக்கிறது. இது எப்படி வந்தது? ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்றுதானே?

கா.

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்விக்கு: இல்லை. கடன் கொடுத்தவன் வாங்கினவனுக்கு அப்பன் ஆகிவிடமாட்டான். இனி இதைக் கேட்டு எழுதாதீர்கள்.

சண்டைக்காரி 19ஆம் நூற்றாண்டு வழக்கு. சொல்லின் தலையில் ‘கேட்’, அதாவது பூனை, உட்கார்ந்திருப்பதாக ஆங்கிலக் காதுக்குப் பட்டிருக்கலாம். 1804இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர்தான். போகட்டும்.

சொல் ஊர்சுற்றியதில் பெருமைப்படுகிறீர்களே, கட்டுமரம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? இரண்டு படகுகளை மேலே பலகை போட்டு இணைத்தது என்றுதான் நினைத்திருப்பீர்கள். அது பசிபிக் தீவுக்காரர்களின் அறிவு. ஆங்கிலேயர் நம் பெயரைத் தூக்கி அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். 1697இல் வெளிவந்த பயணநூலில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் பார்த்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறார்: ஒன்றிரண்டு கட்டை, ஒரே ஆள், அவன் காலும் பின்புறமும் எந்நேரமும் தண்ணீரில்.

சிறுவயதில் கடற்கரையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: “தாத்தா, கட்டைக்கு நடுவுல இவ்வளவு சந்து இருக்கே, அடைக்கமாட்டீங்களா?”

அவர் சிரித்தார். “உள்ள தண்ணி வந்தாத்தானே தம்பி முழுகும்? மரத்துல உள்ளேன்னு ஒண்ணு ஏது?”

மீனவர்கள் கட்டுமரத்தை வெறும் ‘மரம்’ என்றுதான் சொல்வார்கள். படகுக்கு வயிறு உண்டு. அது நிறைந்தால் சாவு. மரத்துக்கு வயிறே கிடையாது. அலை மேலே ஏறும், சந்து வழியே இறங்கிப் போய்விடும். இந்த யோசனைக்கு முன்னால் அகராதிப் பெருமையெல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. இன்று நாமே தமிழில் சொகுசுப் படகுக்குக் ‘கேட்டமரான்’ என்று எழுதுகிறோம், அந்தச் சொல் கட்டுமரத்தின் பேரன் என்று தெரியாமல். கோபம் உங்கள்மேல் இல்லை, கா. நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

அன்று அந்தப் பெரியவர் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்தார். கட்டைகள் தனித்தனியாக விழுந்தன. ஒவ்வொன்றாக மணலில் இழுத்துப் போட்டுக் காயவைத்தார். ஐந்து நிமிடத்தில் அங்கே கட்டுமரமே இல்லை.