வாசகர் கேள்வி பதில்: சுடுமணலும் பச்சை மிளகாயும்

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் உச்சி வெயிலில் வெறுங்காலை வைத்தால், கால் தானாக எழும்பிவிடுகிறது. எரிச்சல் அப்புறம்தான் தெரிகிறது. ஏன்?
- வாசகர், கடலூர்

பதில்: சூட்டை உணர்பவை, பாதத்தின் தோலுக்குள் கிளை பிரிந்து கிடக்கும் உறையில்லாத நரம்பு முனைகள். அவற்றின் சவ்வில் உள்ள வாயில்களில் முக்கியமானது டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம். வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்து, சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருந்த மின்னழுத்தம் மைனஸ் 55-ஐ ஒட்டி ஏறியதும் ஒரு மின்துடிப்பு கிளம்பும். சூடு கூடினாலும் துடிப்பு பெரிதாகாது. அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

அந்தச் செய்தி இரண்டு வகை நரம்பிழைகளில் போகிறது. மெல்லிய கொழுப்புறை போர்த்திய ஏ-டெல்டா இழையில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். உறையே இல்லாத சி இழையில் ஏறக்குறைய 1 மீட்டர்தான். வேகமான செய்தி தண்டுவடத்தைத் தொட்டதுமே, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், காலை மடக்கும் தசைகளுக்கு ஆணை போய்விடும். நின்று எரியும் அந்த எரிச்சல் சி இழை வழியே மெதுவாக வருவது. பாதத்திலிருந்து தண்டுவடம் சேரவே ஒரு நொடி பிடிக்கும்.

நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த முனைகள் பட்டுப்போயிருக்கலாம். சுட்டதே தெரியாது; கொப்புளம்தான் காட்டிக்கொடுக்கும். அவர்கள் மணலிலும் செருப்போடுதான் நடக்க வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பச்சை மிளகாய் நறுக்கினால் கை மணிக்கணக்கில் எரிகிறது. வெந்நீரில் கழுவினால் இன்னும் மோசம்!
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் வந்து ஒட்டுவதும் மேலே சொன்ன அதே வாயிலில்தான். ஒட்டினால், அது திறப்பதற்கான வெப்பநிலை இறங்கிவிடும். உடம்புச் சூடே போதும். வந்தது மிளகாயா நெருப்பா என்று மூளைக்குத் தெரியாது. எந்த இழையில் வந்ததோ, அதை வைத்துச் ‘சூடு’ என்று முடிவுகட்டுகிறது. இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். தேடலைத் தொடங்கியதே மிளகாயிலிருந்துதான்!

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். நக இடுக்கை விட்டால் பயனில்லை. வாய் எரிந்தால் தண்ணீரைவிடத் தயிர் மேல்.

கேள்வி: மீன் மார்க்கெட்டில் நுழைந்த சில நிமிடங்களில் கவுச்சி மறைந்துவிடுகிறதே?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வாசனை அப்படியேதான் இருக்கிறது. மூக்கில் வாசனையை உணரும் ஏற்பி செல்லுக்குள் நுழையும் கால்சியமே அதன் வாயில்களை மந்தப்படுத்திவிடுகிறது. மூளையும் மாறாத செய்தியை ஒதுக்கும். சமையல் எரிவாயுக் கசிவிலும் இதே ஆபத்து உண்டு. நாற்றம் ‘போய்விட்டது’ என்று நம்பி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்சுவிட்சைத் தொடாமல் வெளியே வாருங்கள்.