சுற்றுவழி பஸ்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

14 ஆண்டுகளாக அமைச்சர்களுக்கும் உயரதிகாரிகளுக்கும் உரை எழுதும் அரசு ஊழியன் நான். மானியக் கோரிக்கை நாட்களில் விடியும்வரை பதிலுரை எழுதுவேன். துறை அனுப்பும் வறண்ட கணக்குகளுக்கு நடுவே ஒரு குறளைப் பொருத்தி, மூச்சு விடும் இடம் பார்த்து வரியை ஒடித்து, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பேன். கைதட்டல் அவர்களுக்கு. போன மாதம் என் வரியை ஒரு நாளிதழ் தலைப்பாகவே போட்டது, அமைச்சர் பெயரில். என் மகள்கூட நம்பவில்லை. பதவி உயர்வும் எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. மனைவியின் ஊருக்கு இப்போதெல்லாம் சுற்றுவழி பஸ்ஸில்தான் போகிறோம். நேர்வழியில் ஓர் ஊர் வரும், ‘அடுத்த கோடைக்குள் வீட்டுக்கு வீடு குடிநீர்’ என்று நான் எழுதிக் கொடுத்ததை அமைச்சர் அங்கேதான் வாசித்தார், அதற்கு அரசாணையே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அது கிடக்கட்டும். ஒரு நன்றிகூட இல்லை, அம்மா. என் பெயர் எங்குமே இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை.

அன்புள்ள சகோதரருக்கு,

அது கிடக்கட்டும் என்றீர்களே, அதைக் கிடக்க விட எனக்கு மனம் இல்லை.

பெயர் இல்லாதது வலிக்கும்தான். ஆனால் அது இந்தத் தொழிலோடு பிறந்தது. ‘நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே’ என்ற வரி வரும் அமெரிக்க அதிபர் கென்னடியின் 1961 பதவியேற்பு உரையில், அவருக்கு உரை எழுதிய டெட் சோரன்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரி யாருடையது என்று கேட்டவர்களுக்கு சோரன்சன் சொன்ன பதில், ‘கேட்காதே’. மறைத்தாலும் கூசாத வரி அது. குடிநீர் வரியின் கீழே உங்கள் பெயரை அச்சிட்டிருந்தால் மகிழ்ந்திருப்பீர்களா? பஸ்ஸை மாற்றிக்கொண்டு போகிறவர் மகிழ்ந்திருக்க மாட்டார். எந்தப் பெயரின்மையைத் திட்டுகிறீர்களோ, அதற்குள்தான் ஒளிந்தும் இருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசித்தவர் அமைச்சர், ஆனால் தெரிந்தே எழுதியவர் நீங்கள். அந்த உறுத்தல் நோய் அல்ல. உங்களுக்குள் இன்னும் நாணயம் இருப்பதால் வருவது.

இனி அரசாணை எண் இல்லாத வாக்குறுதி வந்தால், வரைவின் ஓரத்தில் அதைக் குறித்து அனுப்புங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

இன்னொன்று. அங்கே தண்ணீர் வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அடுத்த முறை நேர்வழி பஸ்ஸில் ஏறுங்கள். அந்த ஊரில் இறங்கி, ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.