கோவையிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரப் பயணம்?

பீளமேடு விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அரபிக்கடலையும் ஆப்பிரிக்காவையும் தாண்டி மேற்கே போக வேண்டும் என்றே நினைப்பார்கள். ஆனால் பூமி உருண்டையின் மேல் திருப்பூர் நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தால், அது வடமேற்கே ஏறி, ஏறக்குறைய 65 டிகிரி வட அட்சரேகையைத் தொட்டுவிட்டுத்தான் அமெரிக்காவுக்கு இறங்கும். குறுகிய வழி அதுவே.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 15 மணி நேரம் ஆகும் என்பது கணக்கு மட்டும்தான், ஏனெனில் கோவையிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. மும்பை வழியாகப் போனால் முதலில் இரண்டு மணி நேரம், காத்திருப்பு நான்கு மணி நேரம், பிறகு பதினாறு மணி நேரம் என்று மொத்தம் 22 மணி நேரமாவது வேண்டும். இணைப்பு விமானத்துக்கான இடைவெளியைக் குறைத்துப் பயணச்சீட்டு வாங்காதீர்கள் என்று, முதன்முறையாக மகன், மகள் வீட்டுக்குப் புறப்படும் பெரியவர்களை நான் வற்புறுத்தியே கேட்டுக்கொள்வேன்.

திரும்பும்போது, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வளிமண்டலக் காற்று பின்னால் தள்ளுவதால், பறக்கும் நேரம் பெரும்பாலும் குறையும். நியூயார்க் கடிகாரம் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஆகவே கோடையில் இரவு 10 மணிக்குக் கோவையில் ஏறுபவர், 22 மணி நேரம் கழித்து, அங்கே மறுநாள் காலை 10.30 மணிக்கு இறங்குவார்.