சம்பளம் வருகிறது, கடன் குறையவில்லை: எங்கே பிடிப்பது?

கேள்வி: எனக்கு வயது 36. மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் இரண்டு கிரெடிட் கார்டு பாக்கி, ஒரு தனிநபர் கடன், தோழியிடம் வாங்கிய கைமாற்று என்று நாலு பக்கமும் கடன். பெரிதாக எதுவும் வாங்கவில்லை, எல்லாம் சின்னச் சின்னதுதான். பட்ஜெட் போட்டால் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறேன். மூன்றாவது வாரம் எல்லாம் போய்விடுகிறது. வாங்கிய இரண்டு பெட்டிகள் பிரிக்காமலேயே அலமாரி மேல் கிடக்கின்றன. கணவருக்கு முழுத் தொகை தெரியாது. பேசாமல் ஒரே பெரிய கடனாக வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். குறைந்த வட்டியில் ஒரு கடன் வாங்கி, கார்டு பாக்கியை அடைப்பது கணக்குப்படி சரிதான். ஆனால் அடைத்த மறுநாள் இரண்டு கார்டுகளும் காலியாகி, முழு வரம்போடு உங்கள் கையில் இருக்கும். வாங்கும் பழக்கம் அப்படியே இருந்தால், ஒரு வருடத்தில் புதுக் கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் திரும்ப வந்திருக்கும். இப்படி இரட்டைச் சுமையோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். நான்கு மாதம் கார்டில் புதிதாக எதுவும் ஏறாமல் இருந்து காட்டுங்கள். அதன்பிறகு அந்தக் கடனைப் பற்றிப் பேசலாம், அதுவும் கார்டுகளை மூடிவிடுவதாக இருந்தால்.

"சின்னச் சின்னதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கார்டு பாக்கி 1,00,000. வட்டி மாதம் 3 சதவீதம். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் 3,000 வட்டி சேர்ந்து பாக்கி 1,03,000 ஆகிறது. நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 2,150 மட்டும்.

இப்போது அதே மாதம் கார்டில் 2,150-க்குச் சில்லறைச் சாமான்கள் வாங்கினால் என்ன ஆகும்? பாக்கி மறுபடியும் சரியாக 1,00,000. அடுத்த மாதமும் அப்படியே. பத்து வருடம் தவறாமல் கட்டினாலும் கடன் ஓர் அடிகூட நகராது. 2,150 என்பது நாளொன்றுக்கு 72 தான். உங்கள் கடன் குறையாததற்குப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். புதிதாக எதுவும் வாங்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பாக்கி குறையக் குறைய நீங்கள் கட்டும் தொகையும் சுருங்கும். 30 மாதம் கழித்தும் 52,000 பாக்கி நிற்கும். அதற்குப் பதிலாக, முதல் மாதம் கட்டிய அதே 5,150-ஐ மாதாமாதம் குறைக்காமல் கட்டினால், அதே 30 மாதத்தில் கடன் முழுக்கத் தீர்ந்துவிடும். கூடுதலாகச் சம்பளத்திலிருந்து 2,150 மிச்சம் பிடித்து 7,300 கட்டினால் 18 மாதம் போதும். மொத்த வட்டியும், 5,150 கட்டும்போது ஆகும் சுமார் 52,000-இலிருந்து 31,000-க்குள் இறங்கிவிடும். ஸ்டேட்மென்டில் அச்சாகி வரும் குறைந்தபட்சத் தொகையை இனி பார்க்கவே பார்க்காதீர்கள். உங்கள் தொகையை நீங்களே முடிவுசெய்து, சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கார்டுக்கு வட்டியில்லாத நாட்கள் என்று ஒரு சலுகை உண்டல்லவா? முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் அது. பாக்கி வைத்துவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதனால் பாக்கி தீரும்வரை அன்றாடத் தேவைகளைக்கூடக் கார்டில் வாங்காதீர்கள்.

இனி அந்த வாங்கும் நிமிடத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களை மூன்று மாத ஸ்டேட்மென்டை அச்செடுத்து வரச் சொல்வேன். எடுத்ததும் பட்ஜெட் போட மாட்டோம். ஒரு பென்சிலைக் கொடுத்து, "முன்கூட்டி நினைத்து வாங்காத ஒவ்வொன்றையும் வட்டம் போடுங்கள்" என்பேன். பிறகு போனில் வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் வாங்கிய நேரத்தை எழுதுவோம். ஒருமுறை ஒரு பெண்மணி எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பென்சிலை வைத்துவிட்டார். இரவு 10:40, 11:05, 10:50, 11:20. பகலில் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். குழந்தைகள் தூங்கியபிறகு கட்டிலில் சாய்ந்து போனைத் தொடும் அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு நாள் முழுக்கக் கிடைத்த ஒரே ஓய்வு. அவருக்குப் பணக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. அந்த அரைமணி நேரத்துக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

உங்கள் அலமாரி மேல் இருக்கும் பெட்டிகளும் எனக்கு அதையே சொல்கின்றன. பொருள் வேண்டும் என்று வாங்கியிருந்தால் வந்த அன்றே பிரித்திருப்பீர்கள். உங்களுக்குத் தேவைப்பட்டது தேடி, பார்த்து, தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தும் அந்தச் சில நிமிடங்கள். அது முடிந்ததும் ஆசையும் முடிந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. களைத்த மனசு ஆறுதல் தேடுகிறது. அந்த ஆறுதலுக்கு மாதம் 3 சதவீதம் வட்டி கட்டுகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

கார்டு இதை இன்னும் சுலபமாக்குகிறது. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சிலரிடமும், கார்டில் கட்டலாம் என்று சிலரிடமும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காசை எண்ணிக் கொடுக்கும்போது மனசில் ஒரு சுருக்கென்ற வலி இருக்கும். கார்டில் அது மழுங்கிவிடுகிறது. ஆப்பில் கார்டு எண் ஏற்கெனவே பதிந்து கிடந்தால் கொஞ்சநஞ்சமும் மிஞ்சாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, தொலைந்த அந்த வலியைத் திரும்பக் கொண்டுவருவது. இன்றைக்கே எல்லா ஆப்களிலும் பதிந்திருக்கும் கார்டு எண்ணை அழியுங்கள். முடிந்தால் ஆப்களையே எடுத்துவிடுங்கள். கார்டை ஒரு உறைக்குள் வைத்து, எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். இதெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் கட்டிலை விட்டு எழுந்து, உறையைப் பிரித்து, பதினாறு எண்களை ஒவ்வொன்றாக அடிப்பதற்குள் பாதி ஆசை வடிந்துவிடும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தள்ளுபடி அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். உங்கள் கை எப்போது தளர்கிறது என்று தெரிந்துதான் அவை வருகின்றன.

"இனிமேல் வாங்க மாட்டேன்" என்று சபதம் எடுக்காதீர்கள். சபதத்தில் அடுத்து என்ன செய்வது என்பது இருக்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையில், "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பவர்கள், வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகமாக நினைத்ததை முடிக்கிறார்கள் என்று காட்டினார். உங்களுக்கு நான் எழுதித் தரும் வாக்கியம் இது: "இரவில் ஏதாவது வாங்கத் தோன்றினால், நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணைப்பேன்." கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும், போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும். நோட்டில் மூன்றே விவரம்: பொருள், விலை, அன்றைக்கு என்ன நடந்தது. மூன்றாவதுதான் முக்கியம். "மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பேசிவிட்டார்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பை இருப்பதைப் பார்க்கும்போது உங்களுக்கே புரிந்துவிடும். ஒரு வாரம் கழித்தும் அந்தப் பொருள் வேண்டும் என்று தோன்றினால், கையிலிருக்கும் பணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கையிலிருக்கும் பணம் எது என்று கேட்பீர்கள். மாதாமாதம் ஒரு சிறு தொகையை உங்கள் ஆசைக்கென்றே ஒதுக்குங்கள். தனிக் கணக்கிலோ ரொக்கமாகவோ இருக்கட்டும். அதற்கு யாரிடமும், உங்களிடமேகூட, கணக்குச் சொல்ல வேண்டாம். கடன் இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இது இல்லாத பட்ஜெட்தான் மூன்றாவது வாரம் உடைகிறது என்பது என் அனுபவம்.

மூன்றாவது வாரம் எப்படி உடைகிறது தெரியுமா? உணவுக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களை வைத்து ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க்‌ஷேக் குடிக்க வைத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். வழக்கமாகக் கட்டுப்பாடாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்‌ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். "இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சே, இனி என்ன!" என்ற அதே மனநிலைதான் உங்களுடையதும். ஒரு நாள் தவறி 500-க்கு வாங்கினால் இழப்பு 500 தான். அதோடு விட்டுவிட்டால் மாதம் கெடாது. "இந்த மாதம் போகட்டும், ஒன்றாம் தேதியிலிருந்து பார்க்கலாம்" என்று சொல்லும்போதுதான் 500 என்பது 5,000 ஆகிறது. அடுத்த நாள் காலையே நோட்டைத் திறந்து எழுதுங்கள். ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதைத்தான். அதாவது உங்கள் இரண்டு கார்டுகளில் வட்டி கூடுதலாக உள்ளது முதலில், அடுத்தது மற்றது, கடைசியாகத் தனிநபர் கடன். மற்றவற்றுக்கு உரிய தவணை தவறாமல் போய்க்கொண்டிருக்கட்டும். தோழியின் கைமாற்றுக்கு மட்டும் நான் கணக்கை மீறுவேன். அதற்கு வட்டி இல்லைதான், ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கண் தாழ்கிறது. அவரிடம் மாதம் எவ்வளவு, எந்தத் தேதி என்று சொல்லிவிட்டு, சிறிதாக இருந்தாலும் அந்தத் தேதியில் கொடுங்கள். கூடவே அவசரத்துக்கென்று ஒரு சிறு சேமிப்பும் வேண்டும். திடீரென்று மருத்துவச் செலவு வந்தால் கை மறுபடி கார்டுக்குப் போகக் கூடாது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். வாங்காமல் இருந்தால் பதற்றமாக இருக்கிறதா? வாங்கியதை மறைக்கிறீர்களா? நிறுத்த நினைத்தும் பலமுறை முடியவில்லையா? ஆமாம் என்றால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். கட்டுக்கடங்காமல் வாங்கும் இந்த நிலையை எமில் கிரேப்பிலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளாலும் இப்படி ஆவதுண்டு. அந்த மாதிரி மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கணவரிடம் சொல்லுங்கள். எல்லாம் தீர்ந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், அந்த மறைவுக்காகவே இன்னும் கடன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் நாலு கடனையும் பாக்கி, வட்டி, மாதத் தவணையோடு எழுதுங்கள். கீழே உங்கள் திட்டத்தையும் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். கோபம் வரலாம். அரைகுறையாகச் சொல்லி, மிச்சம் பிறகு தெரியவந்தால் வரும் கோபம் இதைவிட அதிகமாக இருக்கும்.

கடைசியாக அந்த இரண்டு பெட்டிகள். திருப்பி அனுப்பும் கெடு எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். கெடு இருந்தால் பிரிக்காமல் நாளையே அனுப்பிவிடுங்கள். பணம் பெரும்பாலும் அந்தக் கார்டுக்கே திரும்பி வரும். அது வந்துவிட்டதே என்று அந்த மாதம் கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். பல கார்டுகளில் திரும்பி வந்த பணத்தைக் கட்டிய தவணையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு முடிந்திருந்தால் யாருக்காவது விற்றுவிடுங்கள். கிடைப்பது பாதி விலையாக இருந்தாலும், அன்றைக்கே கார்டில் கட்டிவிடுங்கள்.